அறுத்த வள்ளம்

கடற்கரை மணலில் ஏற்றி வைத்திருந்த தங்கள் பைபர் மீன்பிடி வள்ளத்தைக் காணோம் என்று பாலையன் வந்து சொன்னதும், அவன் மனைவி ரத்னபாய்க்குக் கனகதாஸ் மேல்தான் சந்தேகம் போயிற்று. உடைந்த பைபர் வள்ளங்களை வாங்கி அறுத்து, மாட்டுத் தொட்டியும் குளியலறைக் கதவும் செய்து விற்கிறவன் அவன். வாங்குகிறானோ, திருடுகிறானோ, யார் கண்டது?

"போலீசுக்கு ஒண்ணும் போகாண்டாம்," என்றான் பாலையன். அதுவும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் தனியாகவே பாறசாலை ரோட்டோரத்தில் கனகதாஸ் வைத்திருந்த ஷெட்டுக்குப் போனாள். அவன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஏதோ விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பறந்த தூசி பட்டு அவள் கழுத்து அரித்தது.

"எலே, எனக்க வள்ளம் எங்க?"

"இங்க வாறது எல்லாம் பழசாக்கும் அக்கா. எரிச்சா நச்சுப்புகை, புதைச்சா மக்காது. அதான் அறுத்து வேற சாமானாக்குதேன்."

"நான் அதக் கேக்கல்ல."

அவன் மறுபடியும் தேய்க்கத் தொடங்கினான். ரத்னபாய் விறுவிறுவென்று பின்பக்கம் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். இரண்டாக அறுபட்டுக் கிடந்தது வள்ளம். முன்பாதியில் மகள் ஜினியின் பெயர்.

"கள்ளப்பயலே!"

கனகதாஸ் துணியை அவிழ்த்தான். "பாலையண்ணன்தான் கொண்டுவந்தாரு. கீறல் இல்லாத்த வள்ளம், அறுக்கப்பிடாதுண்ணு சொன்னேன். அறுத்து முடியது வரை கூடவே நிண்ணாரு. உங்ககிட்ட சொல்லாண்டாம்னு சத்தியமும் வாங்கினாரு."

அவளுக்கு நம்பவே முடியவில்லை. விற்ற பணம் போனது குடிக்கா, வேறு பெண்ணுக்கா என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"எதுக்கு அறுத்திய?" என்று கேட்டாள்.

பாலையன் திண்ணையில் உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "மழைக்காலத்துல வள்ளம் தலைகீழா மறிஞ்சதுக்குப் பிறகு கடலக் கண்டா கை விறைக்குது. வள்ளம் முழுசா கிடந்தா நீ போகச் சொல்லுவியே."

தினமும் அவனை ஏசிக் கடலுக்கு அனுப்பியது அவள்தான்.

"எங்கிட்ட சொல்லப்பிடாதா?"

"சிரிப்பியோண்ணு நெனச்சேன்."

அந்த வாரமே ரத்னபாய் முன்பாதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கவிழ்த்துப் போட்டு, ஒழுகிக்கொண்டிருந்த சமையற்கட்டுக்குக் கூரையாக்கினார்கள். பாலையன் கனகதாஸிடமே வேலைக்குச் சேர்ந்தான்.

ஆனாலும் அவன் சட்டையை மாட்டினால் போதும், "எங்க போறிய?" என்று அவள் வாசல்வரை வந்து கேட்பாள். சொன்ன திசையில்தான் திரும்புகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.