சர் லயனலின் இடது கை

"செத்தவனுக்குக் கன்னத்துல இவ்வளவு ரத்தம் ஆகாது சர்" என்று சொல்லி, ஒப்பனைக்காரி டோனா மூன்றாவது தடவையாகச் சாம்பல் பூச்சை எடுத்து அவர் முகத்தில் தடவினாள். லயனல் வார்பர்ட்டன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவருக்குக் கீழே இரும்பு மேசை, இடுப்பிலிருந்து பாதம் வரை வெள்ளைத் துணி. யார்க்‌ஷயரில், மூடிப் போட்டு ஆறு வருஷமான ஆஸ்பத்திரியின் நிலவறை அது. ஒரு காலத்தில் நிஜப் பிணங்களையே இங்கேதான் கிடத்தினார்களாம். சுவரோரம் ஒரு ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. படம் எடுக்கும்போது சத்தம் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். பிப்ரவரி மாதக் குளிரில் எழுபத்தெட்டு வயசுக்காரரை இப்படிப் போட்டிருக்கிறோமே என்று டோனாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நகத்துக்கும் நீலம் வைக்க வேண்டும், கையை நீட்டுங்கள் என்றாள். அவர் வலது கையை நீட்டினார். ஐந்து விரலும் முடிந்தபின் இடது கையைக் கேட்டாள். லயனல் துணிக்கடியில் தொடைக்குக் கீழே செருகி வைத்திருந்த அந்தக் கையை எடுத்த எடுப்பிலேயே அவளுடைய பவுடர் டப்பாவைப் பற்றிக்கொண்டார். டப்பாவை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒரு பிஷப் பிரசங்கம் செய்கிற குரலில் வாசித்தார். டோனா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, டப்பாவைப் பிடித்த கையிலேயே நீலத்தைப் பூசி முடித்தாள்.

பதினாலு மாதமாக இந்த ஜோலிதான். கை எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் இல்லை. வேலை செய்யும்போது சொன்ன பேச்சைக் கேட்கும். சும்மா மடியில் வைத்தால் போதும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரச ஆரம்பித்துவிடும், ஒரு பட்டாணியை உருட்டுகிற மாதிரி. நரம்பு டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஓய்வில்தான் ஆடும், அதுதான் இந்த நோயின் குணம் என்றார். லயனலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து மேடையில் இடது கையைச் சும்மா விட்டதே கிடையாது. கைத்தடி, கையுறை, கடிகாரச் சங்கிலி, ஒன்றும் கிடைக்காவிட்டால் சக நடிகன் தோள். இந்த வயதில் வார்பர்ட்டன் தன் இடது கைக்கு ஒரு புதிய பாஷையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று ஒரு விமர்சகன் எழுதினான். அதை மனைவி நோராவுக்கு வாசித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் டாக்டரையும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

ஐம்பத்தெட்டு வருஷ நடிப்பு. இருபது வயதில் ஒரு சின்ன ஊர் அரங்கில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றவர். வாரத்துக்கு ஒரு நாடகம். திங்கள் மேடையேற்றம், செவ்வாய் காலையே அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை. அப்புறம் லண்டன், இளவரசர்கள், துரோகிகள், ஏழு ராஜாக்கள். சினிமாவில் எத்தனை கப்பற்படைத் தளபதி, எத்தனை ஜெர்மன் அதிகாரி என்று அவருக்கே கணக்கு விட்டுப்போயிற்று. தொலைக்காட்சியில் பதினொரு வருஷம் நீதிபதி. இன்றைக்கும் ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள், யுவர் ஆனர் என்று கூப்பிட்டுத் தேநீர் வாங்கித் தருவார்கள். ராணி கையால் பட்டமும் வாங்கியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் வாய்க்கவில்லை. எழுபது தாண்டிய இங்கிலாந்து நடிகன் ஒவ்வொருவனும் எதற்காகக் காத்துக் கிடப்பானோ, மகள்களுக்கு ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பித்தாகி அலைகிற அந்தக் கிழட்டு அரசன் வேஷம். இரண்டு தடவை கைக்கு எட்டி நழுவிப் போனது. மூன்றாவதாக, போன மார்ச்சில், மெகன் என்கிற முப்பத்தாறு வயது இயக்குநர் அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து, அந்த அரசனை நீங்கள்தான் செய்ய வேண்டும் சர் என்றாள். வருகிற செப்டம்பரில் ஒத்திகை. அதற்குமுன் நாடகத்துக்குக் காப்பீடு தருகிறவர்களின் டாக்டர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதையும் எதையாவது பிடித்துக்கொண்டே தாண்டிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

அந்த மெகன்தான் நடுவில் இந்தத் துப்பறியும் தொடரை இயக்குகிறாள். எனக்காக ஒரு நான்கு நாள் வாருங்கள் என்றாள். ராஜாவைக் கொடுத்தவளிடம் எப்படி மாட்டேன் என்பது? பழைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தக் காலத்துச் சின்ன அரங்குகளில் முழு நாடகத்தையும் கையில் தரமாட்டார்கள், அவரவர் வசனத்தை மட்டும் தட்டச்சு செய்து தருவார்கள். அதிலே வளர்ந்த லயனல் இன்னமும் தன் வசனம் இருக்கிற பக்கங்களைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு அவற்றை மட்டுமே வாசிப்பார். மூன்று காட்சி, பதினாறு வசனம், சம்மதம் என்று சொல்லிவிட்டார். செத்தவனுக்கு வசனம் கிடையாதே. நாற்பத்தோராவது காட்சியில் தான் இரும்பு மேசைமேல் பிணமாகக் கிடக்க வேண்டும் என்பது அவருக்கு நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது. ஊரில் உள்ள வேஷமெல்லாம் கட்டியவருக்கு இது ஒன்றை மட்டும் கட்ட முடியாது. அதைப் பார்க்கக் கூடாத ஒரே ஆளான மெகன்தான் காமிராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கப் போகிறாள்.

பெரில் உள்ளே வந்தாள், கறுப்புக் கோட்டும் விதவைத் தொப்பியுமாக. எழுபத்தைந்து வயது. கசாப்புக் கடைக்காரர் மகள், அந்தப் பக்கத்து ஊர்க்காரி. ஒன்பது நாடகத்தில் அவருக்கு மனைவியாகவும் ஒரு தடவை அம்மாவாகவும் நடித்திருக்கிறாள். தன்னைவிட மூத்தவனுக்கு அம்மா வேஷம் போட வைத்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

"யோவ், உன் வாழ்நாள்லயே வசனம் தடுமாறாத வேஷம் இது ஒண்ணுதான்யா" என்றாள்.

லயனல் பல்லைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஹீட்டரை நிறுத்தினார்கள்.

காட்சி சின்னதுதான். போலீஸ்காரர் துணியை முகத்திலிருந்து விலக்குவார். விதவை பார்ப்பாள், தலையாட்டுவாள், போய்விடுவாள். லயனல் மூச்சைப் பாதி இழுத்து நிறுத்தினார். இடது கை துணிக்கடியில் இடுப்போரம் இருந்தது. மெகன் குரல் கொடுத்தாள். கட்டைவிரலிடம் அவர் மனசுக்குள் கெஞ்சினார், அதட்டினார், ஒரு பழைய நாடகத்துப் பேச்சை ஓட்டிப் பார்த்தார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நாலு நொடி. ஐந்தாவது நொடியில் பட்டாணி உருள ஆரம்பித்தது. துணி லேசாக எழும்பித் தாழ்வது அவருக்கே தெரிந்தது. முடிந்தது கதை என்று நினைத்தபோது அந்தக் கைமேல் பாறாங்கல் விழுந்த மாதிரி ஒரு கை விழுந்தது. பெரில் துணியோடு சேர்த்து அவர் கையை அழுத்திப் பிடித்து, அதன்மேல் நெற்றியை வைத்து விம்மினாள். அப்படியொன்று எழுதியே வைக்கப்படவில்லை. போலீஸ்காரராக நடித்த பையன் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

மெகனுக்கு ஒரே சந்தோஷம். இதையே வைத்துக்கொள்ளலாம் என்றாள். காமிராவை இடம் மாற்றுகிற நேரத்தில் பெரில் குனிந்து, துணியைச் சரிசெய்கிற பாவனையில் பேசினாள்.

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசம்."

"நோராவுக்குத் தெரியுமா?"

"ம்."

பெரில் மெகன் பக்கம் மோவாயைக் காட்டினாள்.

"அவகிட்ட சொன்னா ராஜா போயிடுவான் பெரில்."

பெரில் தன் விதவைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "நான் ஒண்ணும் பாக்கலை" என்று சொல்லித் துணியை இழுத்துவிட்டாள். அவள் கண்ணில் மிச்சம் இருந்தது நடிப்புக் கண்ணீர் இல்லை. அதைப் பார்க்க லயனலுக்குப் பொறுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். செத்தவன் விரலில் இருக்கும் மோதிரம் அவனுடையதே இல்லை என்பதுதான் கதையின் முடிச்சாம். ஆகவே கையைத் தனியாக, காமிராவைப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். இரும்புமேல் கை, கையில் மோதிரம், பத்து நொடி. லயனல் வலது கையை நீட்டி, இதில் வெளிச்சம் நன்றாக விழும் போலிருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தார். உயிரோடு நடித்த மூன்று நாளும் மோதிரம் இடது கையில்தான் இருந்தது சர் என்று யாரோ பணிவாக நினைவூட்டினார்கள். பெரிலைப் படச்சட்டத்துக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். இடது கையை வெளியே எடுத்து வைத்தார்கள். காமிரா ஒரு சாண் தூரத்துக்கு வந்தது.

இந்தத் தடவை முதலில் கண்டுபிடித்தது ஒலிப்பதிவுக்காரர். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். மோதிரம் இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது. டிக், டிக், டிக். மூடிய கண்ணுக்குள் லயனலுக்கும் அது கேட்டது. இன்னொரு முறை எடுத்தார்கள், அவர் மணிக்கட்டை இறுக்கினார். தாளம் இன்னும் வேகமானது. மூன்றாம் முறை தோளிலிருந்தே இறுக்கினார், மேசையே லேசாக அதிர்ந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதுதான் அவமானமாக இருந்தது. யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எல்லோரும் தேநீர் குடித்துவிட்டு வரட்டும் என்றாள் மெகன். நிலவறை காலியானது. அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குளிரும்மா" என்றார் லயனல். "ஹீட்டரை நிறுத்திட்டாங்க. இந்த வயசுல குளிர் எலும்புக்குள்ள போயிடுது."

"போன மார்ச்ல குளிர் இல்லையே சர்" என்றாள் மெகன், மெதுவாகத்தான். "சாப்பாட்டு மேசையில நீங்க கரண்டியைக் கீழே வச்சீங்க. அது தட்டுல தாளம் போட்டுது. நீங்க உடனே நாப்கினை எடுத்துக்கிட்டீங்க. நான் ஜன்னலைப் பாக்கற மாதிரி இருந்துட்டேன்."

லயனல் எழுந்து உட்கார்ந்தார். வெள்ளைத் துணியை மார்புவரை இழுத்துக்கொண்டார். பதினோரு மாதமாக அவளுக்குத் தெரியும். பதினோரு மாதமாக ஒவ்வொரு சந்திப்பிலும் கைத்தடியும் தொப்பியுமாக அவர் ஆடிய ஆட்டத்தை அவள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முதலில் உயிர் வந்தது. வேஷம் போகவில்லை, தெரிந்துதான் கொடுத்திருக்கிறாள். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"என் கை ஆடாம இருந்திருந்தா, ராஜாவை எனக்குக் கொடுத்திருப்பியா?"

மெகன் பொய் சொல்லியிருக்கலாம். அவள் பொய் சொல்லுகிற ரகம் இல்லை.

"அன்னைக்கு உங்களைப் பாக்க வரும்போது மனசுல வேற ஒருத்தர் இருந்தார். நீங்க ரொம்ப... உங்களுக்கு எல்லாமே நல்லா வரும் சர். எல்லாத்தையும் அடக்கி ஆளுறீங்க. அந்த ராஜாவுக்கு எதுவும் அடங்கக் கூடாது. அந்தக் கையைப் பார்த்ததும் முடிவு பண்ணிட்டேன்."

ஐம்பத்தெட்டு வருஷம் என்று நினைத்தார் லயனல். குரலுக்காக எத்தனை காலை, மூச்சுக்காக எத்தனை பயிற்சி, ஒரு கை அசைவை ஒழுங்காக்க எத்தனை வாரம். கற்றுக்கொண்டது எதையும் இவள் கேட்கவில்லை. கற்காமல் வந்ததைக் கேட்கிறாள். கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது, ஆனால் அந்த வேஷம் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதுதான் அவருக்குத் தன்மேல் வந்த கோபம்.

"காப்பீட்டு டாக்டரைப் பத்திக் கவலைப்படாதீங்க, என்கிட்ட பண்ணின மாதிரியே தொப்பியைப் பிடிச்சுக்கங்க" என்றாள் மெகன். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மாத்திரை ஏதாவது ஆரம்பிச்சாச்சா?"

"அடுத்த வாரம் ஆரம்பிக்கணும்."

"அது சாப்பிட்டா கை நின்னுடுமா?"

"பாதி குறையுமாம். பொத்தான் நானே போட்டுக்கலாமாம். நடையும் நல்லா வருமாம்." அதைச் சொல்லும்போது நோராவின் முகம் வந்தது. அவள் நாட்காட்டியில் அந்தத் திங்கட்கிழமையை வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

மெகன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "டிசம்பர்ல நாடகம் முடிஞ்சுடும். அதுவரைக்கும் தள்ளிப்போட முடியுமா சர்? கட்டாயம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அவர் பதில் சொல்லுமுன் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கை விஷயத்தை முடித்துவைத்தது பெரில்தான். பன்றிக்கறி வைத்த ரொட்டியை மென்றுகொண்டே வந்தவள், சர் லயனலுக்குக் குளிர் ஏறிவிட்டது, மோதிரத்தை என்னிடம் கொடுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். எங்கள் அப்பா கடையில் எலும்பு வெட்டிய கை இது, அவர் கையைவிட ஆம்பளைக் கை என்றாள். மோதிரம் அவள் விரலில் சரியாகவே உட்கார்ந்தது. டோனா நகத்துக்கு நீலம் வைத்து, புறங்கையில் நாலைந்து நரைமுடியையும் ஒட்டினாள். பெரில் மேசைமேல் ஏறிப் படுத்துத் துணிக்குள் மறைந்துகொண்டு கையை மட்டும் வெளியே விட்டாள்.

லயனலுக்கு ஒரு தடித்த போர்வையைப் போர்த்தித் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மெகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடி ஓடவிட்டிருந்த ஹீட்டர் நின்றது. திரையில் அவருடைய கை கிடந்தது. ஒரு மயிரிழைகூட அசையாமல், கச்சிதமாக, செத்துக் கிடந்தது. பின்னால் நின்ற யாரோ, எவ்வளவு தத்ரூபம் என்று முணுமுணுத்தார்கள். ஒலிப்பதிவுக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார்.

லயனல் திரும்பிப் பார்த்தார். மெகன் திரையைப் பார்க்கவில்லை. அவர் மடியில் போர்வை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் பார்க்கிறவளைப் போல, போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல விலக்கினாள்.