குழாயடியில் திருத்திய குரல்

மாதா கோயில் பாடற்குழுவில் பலிபீடத்தைப் பார்த்தே பாடிப் பழகிய றஞ்சிதம், போன வருஷம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் யுத்த நிதிக்கு நடந்த கச்சேரியில் சனத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். சனம் விசிலடித்து அவளை மேடையிலிருந்து இறக்கிவிட்டது.

"இந்த முறையும் போய் அப்பான்ர பேரைக் கெடுக்கப் போறியோ?" என்றான் அண்ணன் சிறில்.

"போகாமல் விட்டால்தான் கெடும். சவிரிமுத்துவின்ர பிள்ளையள் எல்லாரும் பயந்தாங்கொள்ளியள் எண்டு கதைப்பாங்கள்."

அந்த ஒரு வருஷமும் அவள் தெருக் குழாயடியில் காத்து நிற்கும் பெண்களின் முகம் பார்த்துப் பாடியிருந்தாள். எவளாவது வாளிப் பக்கம் திரும்பினால், அந்த அடியைத் திருத்தி மறுபடி பாடுவாள்.

இந்த வருஷக் கச்சேரியில் அவள் மேடையேறியதும் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான்: "அக்கா, இண்டைக்கும் நித்திரையோ?"

மண்டபமே சிரித்தது. றஞ்சிதம் ஆர்மோனியக்காரரைக் கையமர்த்திவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள்.

"எனக்கில்லைத் தம்பி, உங்களுக்குத்தான்."

அவன் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் ஒரு தாலாட்டைப் பாடினாள். முதலடிக்குச் சிரித்த சனம் இரண்டாமடியில் அடங்கிப்போனது. முடிந்தபோது கைதட்டல் ஓயவில்லை. நேரமாகிறதென்று கச்சேரித் தலைவர் மணியடித்தார்.

"மணியை வையுங்கோ ஐயா. சவிரிமுத்துவின்ர மகள் இன்னும் முடிக்கேல்லை" என்றவள், அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.