கோமகனைத் தூக்கிய சிம்பொனி

வென்ட்செல் ஹ்ருஷ்காவின் புதிய சிம்பொனியில் வயலின்கள் முணுமுணுப்பில் தொடங்கி முழக்கம்வரை ஏறிய இடத்தில், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நாற்காலியோடு மூன்று முழம் மேலே போனார்கள். கோமகன் லூட்கெர் மட்டும் தரையிலேயே இருந்தார். பக்கத்து இடம் காலியானது தெரியாமல், தான் சுட்ட காட்டுப்பன்றியின் எடையை அவர் அதனிடம் விவரித்துக்கொண்டிருந்தார்.

மிதந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவரை அரண்மனை இசை படிக்கட்டு மாதிரி: ஒரு வரி சத்தமாக, ஒரு வரி மெதுவாக. வென்ட்செல் அதைச் சரிவாக எழுதிவிட்டார். சரிவில் கால் வைத்தவர்கள் ஏறத்தானே செய்வார்கள்? சிக்கல் வேறு. கோமகனின் தலைக்கு மேல் எவரும் இருக்கக் கூடாது என்பது விதி. அதை அரண்மனை மேலாளர் கிராம்பாக், சரவிளக்கைப் பிடித்துத் தொங்கியபடி நினைவூட்டினார்: "எல்லாரும் இறங்குங்க! மரியாதை தெரியாதா?"

"மொதல்ல நீங்க இறங்கி வழி காட்டுங்கய்யா," என்றாள் ரோசினா. சமையலறை வாசலிலிருந்து கரண்டியோடு கிளம்பியவள், எல்லோருக்கும் மேலே மிதந்துகொண்டிருந்தாள்.

அவளைத்தான் வென்ட்செல் கட்டிக்கொள்ள இருந்தார். அரண்மனைச் சீருடை போட்டவர்களின் கல்யாணத்துக்குக் கோமகன் அனுமதி வேண்டும்; இசையமைப்பாளருக்கும் சீருடைதான், சாப்பாட்டு மேசையில் இடமும் சவரக்காரருக்குப் பக்கத்தில்தான்.

"என்னையும் மேல ஏத்துடா, அப்புறம் கட்டிக்கோ," என்றார் கோமகன், அனுமதி கேட்கப் போன வென்ட்செலிடம். "முடியலேன்னா அவளை என் தங்கச்சி வீட்டு அடுப்படிக்கு அனுப்பிடுவேன்."

வென்ட்செல் முரசுகளைச் சேர்த்தார். கிராம்பாக் கப்பியும் கயிறும் கட்டிப் பார்த்தார், கயிறு அறுந்தது. மெதுவான பகுதியில் கோமகன் தூங்கினார். நடனப் பகுதியில் அவர் பேச்சில் பன்றி இன்னும் கனத்தது.

"அந்த மனுஷன் எங்க காது குடுக்கிறார்?" என்றாள் ரோசினா. "பாட்டுக்குள்ள பன்றியை விடுங்க."

கடைசிப் பகுதி வேட்டையாக மாறியது. வயலின்கள் புதருக்குள் மூச்சடக்கிப் பதுங்கின. தொலைவில் இரண்டு ஊதுகொம்புகள் கூப்பிட்டன. கோமகன் பாதிச் சொல்லில் வாயை மூடினார். கொம்புகள் மறுபடி கூப்பிட்டபோது அவருடைய நாற்காலி தரையை விட்டது. கூரை ஓவியத்தை நெருங்கியவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னடி, என்னைவிட மேல இருக்கே?"

"நான் மொதல்லேருந்தே கேட்டுட்டிருக்கேன், எசமான்."

கிராம்பாக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, கட்டிக்கோ. உஷ்! கொம்பு வருது."

அடுத்த வசந்தத்தில் கூரையை உயர்த்தினார்கள். இசை முடியும்வரை யாருக்கும் பதவி கிடையாது, கால் தரையில் பட்டதும் அவரவர் பதவி அவரவருக்கு என்று கிராம்பாக் விதியைத் திருத்தினார். காதில் பஞ்சடைத்த சேவகர்கள் கீழே மெத்தையோடு நின்றார்கள். கோமகன்தான் எப்போதும் கடைசியாக இறங்குவார். பன்றி அதற்குப் பிறகு எடை கூடவில்லை.