துலாவில் நின்ற கால்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பயப்பட வெட்கமே இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று கொழும்பிலிருந்து ரயிலேறி வந்து சுன்னாகத்தில் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். தலையணையும் தையல் மெஷினும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். குண்டை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. வந்து குந்தியிருந்து, நெஞ்சு படபடக்குது என்று ஊருக்கே கேட்கச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் ஒருவனுக்குப் பயம் வந்தால் அதை மடிக்குள் முடிந்து வைத்திருப்பான். இப்போது அதை வருத்தம், நோய் என்கிறார்கள். வருத்தம் என்று சொல்லிவிட்டால் வேலை செய்யத் தேவையில்லை பாருங்கள்.

தம்பிஐயாவுக்கும் அப்படி ஒரு வருத்தம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

தம்பிஐயா என் தமக்கையின் மகள் குணலட்சுமியைக் கட்டினவன். உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணறு மூன்று வீட்டுக்குப் பொது: எனக்கு, அயலவன் நமசிவாயத்துக்கு, குணலட்சுமியின் சீதனப் பங்கில் தம்பிஐயாவுக்கு. கிணற்றுக்கு மேலே, ஏற்றம் இறைக்கிற நீட்டுத் துலா. இரண்டு பேர் அந்த மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் நடந்தால் கயிற்றில் தொங்கும் பனையோலைப் பட்டை தண்ணீருக்குள் இறங்கும். அடிப்பக்கம் நடந்தால் நிறைந்து மேலே வரும். கிணற்றுக்கட்டில் நிற்பவன் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பான். அது மூத்தவனுக்குரிய இடம். முப்பது வருடமாக அங்கே நிற்பவன் நான்.

எங்களைப் பெற்ற அப்பு வைத்துவிட்டுப் போன ஒழுங்கு ஒன்று உண்டு. மிதிக்க ஆள் தராத வீட்டுக்குத் தண்ணீர் முறை இல்லை.

போன வருடம் பக்கத்துத் தோட்டத்து ஆழ்வாப்பிள்ளை துலாவிலிருந்து விழுந்தான். கிணற்றுக்குள் அல்ல, தரையில். தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கினவன் தம்பிஐயா. இந்த வருடம் புகையிலைக்குத் துலா இறைப்புத் தொடங்கின அன்றுதான் வந்தது கரைச்சல்.

முதல் முறைக்குக் காலில் முள் என்று சாட்டுச் சொன்னான். அடுத்ததற்குக் காய்ச்சல். அதற்கடுத்தது அம்மன் கோயிலில் நேர்த்திக்கடன், மரத்தில் ஏறக்கூடாது என்றான்.

"துலா எப்பையடாப்பா மரமாச்சு?" என்று நமசிவாயம் கேட்டான்.

ஒவ்வொரு முறையும் கூலிக்கு ஒருவனைக் கூட்டி வந்து சமாளித்தான். பிறகு அந்தக் கூலிக்காரனும் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. நாலு நாளுக்கு ஒருதரம் தண்ணீர் காண வேண்டிய அவன் புகையிலைக் கன்றுகள் ஒன்பது நாளாகக் காணவில்லை. அந்த இரண்டாயிரம் கன்றுதான் அவன் வீட்டு வருடச் சோறு.

குணலட்சுமி என்னிடம் வந்தாள்.

"அம்மான், அவருக்குச் சோறு இறங்குதில்லை. இறைப்புக்கு முதல்நாள் வயித்தாலை போகுது. நித்திரையிலையும் காலை உதறுறார். அவர் பயப்படுறார், அம்மான்."

"பயமோ? பஞ்சி, வேலைக் கள்ளம் எண்டு சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நீங்கள் ஏன் அயல் பேதுருவின்ரை ஒழுங்கையாலை, அந்தக் குறுக்குப் பாதையாலை வாறேல்லை? ரெண்டு எட்டிலை வாற எங்கடை வளவுக்குப் பிள்ளையார் கோயிலையும் சுத்தியெல்லோ வாறியள்?"

"அங்கை நாய் நிக்குது."

"அது பல்லும் போய்க் கண்ணும் போன நாய்."

"நாய் நாய்தான்."

என் தம்பி விசர்நாய் கடித்துப் பன்னிரண்டு வயதில் செத்தவன். தண்ணீர்ச் செம்பைக் கண்டு அவன் கத்தினதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். பார்த்தவனுக்குத் தெரியும். இது பயமில்லை, கவனம். அதை அவளுக்கு விளங்கப்படுத்த நான் மினைக்கெடவில்லை. "நாளைக்கு உன்ரை மனிசனை வரச் சொல்லு. வராட்டில் தண்ணியில்லை" என்றேன்.

விடிய வந்தான். நெற்றி நிறையத் திருநீறு. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"என்ன மச்சான், இண்டைக்கு முள்ளு ஒண்டும் ஏறேல்லையோ? அம்மனும் விட்டிட்டாவோ?" என்றான் நமசிவாயம்.

தம்பிஐயா துலாவடிக்குப் போனான். ஏறினான். பிடித்து நடக்கக் கட்டியிருந்த மூங்கிலைக் கை வெளுக்கப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஆறு பட்டை வந்தது, ஏழு வந்தது. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

எட்டாவது பட்டை நிறைந்து பாதிக் கிணறு ஏறி நின்றது. மேலே பார்த்தேன். நமசிவாயம் அடிப்பக்கம் போய்விட்டான். பின்னால் போக வேண்டிய தம்பிஐயா நடு மரத்தில் குந்திவிட்டான். பிறகு மூங்கிலை விட்டுவிட்டு, குப்புறப் படுத்துத் துலாவைக் கட்டிப் பிடித்தான்.

"முத்தண்ணை! இவன் படுத்திட்டான்!" என்று நமசிவாயம் என்னைப் பார்த்துக் கத்தினான். "நான் அசைஞ்சால் துலா கிளம்பும். இவனை எறிஞ்சுபோடும்!"

நான் பட்டைக் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கினேன். "எழும்பும் காணும்! எழும்பி நடவும்!" என்று ஏசினேன். ஏச ஏச அவன் இன்னும் ஒட்டிக்கொண்டான். அவன் உடம்பு உதறியது. அந்த உதறல் துலாவால் ஓடி, கயிற்றால் இறங்கி, என் உள்ளங்கையில் வந்து நின்றது. கையை எடுக்கவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. கயிறு தோலை உரித்தது. நமசிவாயத்தின் கால் நழுவத் தொடங்குவது எனக்குத் தெரிந்தது. ஆழ்வாப்பிள்ளையின் எலும்பு ஒருகணம் கண்ணுக்குள் வந்து போனது.

வாய்க்காலில் தண்ணீர் மாற்றிக்கொண்டு நின்ற குணலட்சுமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சத்தம் போடாமல், மெல்லச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. தரையைப் பாக்காதேங்கோ. கிணத்துத் தண்ணியைப் பாருங்கோ. தண்ணியைப் பாத்துக்கொண்டு பின்னாலை அரக்குங்கோ. ஓம், அப்பிடித்தான். இன்னும் ஒரு சாண்."

அவன் கிணற்றைப் பார்த்தான். வயிற்றால் ஊர்ந்து, சாண் சாணாகப் பின்னுக்குப் போனான். அவன் பாரம் அங்கே சேரச் சேரத் துலா தாழ்ந்தது, பட்டை மேலே வந்தது. நான் பிடித்து ஊற்றினேன். தம்பிஐயா தரையில் இறங்கி, துலாவைத் தாங்கும் ஆடுகாலில் சாய்ந்தான். அவன் வேட்டி நனைந்திருந்தது. நமசிவாயம் கண்டான், பகிடி ஒன்றும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தால் தம்பிஐயா எழும்பி வந்தான்.

"அம்மான், பட்டையை என்னட்டைத் தாங்கோ. மூண்டு வீட்டு முறைக்கும் நான் நிண்டு பிடிக்கிறன். மேலை மட்டும் ஏத்தாதேங்கோ."

"விழப் பயம் எண்டிறீர். கிணறு முப்பது அடி. இதுக்குள்ளை குனியப் பயமில்லையோ?"

"இல்லை. ஏனெண்டு எனக்கும் தெரியேல்லை."

சொல்லிவிட்டுக் கிணற்றுக்கட்டில் ஏறி ஒற்றைக் காலை விளிம்பில் வைத்துக் குனிந்து நின்றான். ஒரு நடுக்கம் இல்லை. இதற்குப் பெயர் பயமாம்!

"பாத்தியோ நமசிவாயம், உவற்றை பயத்தை? நல்ல இடமாப் பாத்துத்தான் இது வருகுது."

"முத்தண்ணை, கன்று வாடுது. ஆர் மிதிக்கிறது? அதைச் சொல்லுங்கோ."

நான் தம்பிஐயாவின் தோட்டத்தைப் பார்த்தேன். வெயில் ஏற முன்பே இலைகள் தொங்கிக் கிடந்தன. இன்றைக்கும் தண்ணீர் காணாவிட்டால் பிடுங்கி எறிய வேண்டியதுதான். ஒழுங்கு ஒழுங்குதான். ஆனால் மிதிக்கிற ஆள் எந்த வீட்டு ஆள் என்று அப்பு சொல்லி வைக்கவில்லை.

துப்பிவிட்டு ஏறினேன். அறுபத்திரண்டு வயது. என் கால் நடுங்கவில்லை.

மத்தியானம் வரை இறைத்தோம். தம்பிஐயா பட்டையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் ஊற்றினால் கால்வாசி வெளியே போகும். அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

இறங்கினபோது குணலட்சுமி மோர் கொண்டுவந்து தந்தாள்.

"இப்பவாவது நம்புறியளோ, அம்மான்?"

"என்னத்தை நம்பிறது? நானும் அதே துலாவிலைதான் நடந்தனான். எனக்கு வராதது உவருக்கு மட்டும் என்னெண்டு வரும்?"

"நாலாம் நாள் வருவியளோ?"

"வராமல்? உன்ரை மனிசனோ ஏறப் போறார்?"

செம்பைக் கொடுத்துவிட்டுச் சால்வையைத் தோளில் போட்டு நடந்தேன். தொடை இரண்டும் கல்லாகக் கனத்தன. ஒழுங்கை முகப்பில் நின்று எட்டிப் பார்த்தேன். பேதுருவின் படலை வாசலில் அந்த நாய் புழுதிக்குள் நித்திரை. என் வீட்டு வேலி அங்கிருந்தே தெரிந்தது.

பயமாம், வருத்தமாம். ஆளுக்கொரு சாட்டு.

திரும்பிக் கோயில் பக்கத்தால் நடந்தேன்.