சந்தை வாசல்

குப்புராஜ் பஸ் பிடித்து, பெங்களூரைச் சுற்றிக் காட்ட ஆள் சேர்க்கிறான் என்று பாப்பாரப்பட்டியில் பேச்சு கிளம்பியது. முப்பத்தேழாம் வருஷம், மார்கழி. பெரியம்மாள் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சந்தைக்குப் போவமா தம்பி?"

"மொதல்ல அங்கதான்க்கா நிறுத்துவேன். அரமன, லால்பாக்கு எல்லாம் அப்பறந்தான்."

அவளுக்கு அது போதும். சுற்றுப்பட்டில் யாரைப் பார்க்க வேண்டுமானாலும் சந்தை நாளில் சந்தை வாசலில் நின்றால் பார்த்துவிடலாம். எவ்வளவு கோபித்துக்கொண்டு போனவளும் உப்புக்கும் மிளகாய்க்கும் வந்துதான் ஆக வேண்டும். சாலம்மாளும் வருவாள்.

சாலம்மாள் அவளுடைய ஒரே மகள். ஓடைப்பாலம் கட்ட வந்த கொத்தனார் சவுரியப்பனோடு போய்விட்டவள். பெங்களூரில் இருக்கிறார்கள் என்பதற்குமேல் தகவல் இல்லை. அவள் போன அன்றே அப்பன் மாது கிணற்றில் தலைமுழுகினார். பானையை உடைத்தார். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை.

"ஊரு பாக்கவா போற?" என்றார் மாது.

"ஆமாங்க. ஊரு பாக்கத்தான்."

"போய்ட்டு வா."

இவ்வளவு சுலபமாக விடுவார் என்று அவள் நினைக்கவில்லை. புறப்படும் காலையில், மகளுக்கென்று நாலு அவரைக்காய் பறிக்கக் கொல்லைக்குப் போனாள். கொடியில் பிஞ்சு ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்தால் கதவோரம் முறம் நிறைய அவரைக்காய். பனி ஈரம் காயவில்லை.

"வழிக்கு ஆவும்" என்றார் மாது, அவளைப் பார்க்காமல்.

பச்சை அவரையை யாரும் வழியில் தின்பதில்லை. அவள் அதைத் துணியில் கட்டிக்கொண்டாள்.

அன்று இரவு பெங்களூரில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். விடிந்ததும் பஸ் சந்தைக்குப் போய் நின்றது. கல் கட்டடம். தேர்த் திருவிழாவைப் போலக் கூட்டம். பெரியம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்றால் ஊரே வந்திருக்கிறது. மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவள் மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"சந்தையக் காவக் காக்கவா இம்மாந்தூரம் வந்த?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள்.

"நீ போ. நான் வரேன்."

முகம் முகமாகப் பார்த்தாள். வெயில் ஏறியது. வாசலில் பூ விற்ற கிழவி தமிழ்க்காரி.

"யாரும்மா வேணும்?"

"எங்கூருப் பொண்ணு ஒருத்திங்க. சந்தைக்கு வருவா."

"எந்த வாசல்ல?"

"இன்னொரு வாசல் இருக்குதுங்களா?"

"பின்னால ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு. ஊருக்குள்ள இதுமாதிரி மார்க்கெட்டும் இன்னும் இருக்கு."

"இன்னிக்குத்தானுங்களே சந்த நாளு?"

கிழவி பூ தொடுப்பதை நிறுத்தினாள். "என்னிக்குத்தான் இல்ல? நேத்தும் சந்த, நாளைக்கும் சந்த."

பெரியம்மாள் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கொத்தனாரு சவுரியப்பன்னு..."

"இந்த ஊர்ல கொத்தனாரு ஒருத்தனா, சவுரியப்பன் ஒருத்தனா? எந்தத் தெரு?"

தெரு அவளுக்குத் தெரியாது.

குப்புராஜ் வந்து கூப்பிட்டான். கூப்பிட்டும் அவள் அசையவில்லை. செல்லம்மாள் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பஸ்ஸில் உட்கார வைத்தாள்.

பஸ் ஊரைச் சுற்றியது. "எடது கைப்பக்கம் பாருங்க, மகாராசா அரமன" என்று குப்புராஜ் முன்னாலிருந்து சத்தம் போட்டான். எல்லோரும் இடதுபக்கம் திரும்பினார்கள். பெரியம்மாள் வலதுபக்கம் தெருவில் நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் சாரம் கட்டி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் சுமையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். முதுகுதான் தெரிந்தது. பஸ் நிற்கவில்லை. லால்பாக்கில் எல்லோரும் கண்ணாடி வீட்டைப் பார்க்க இறங்கியபோது அவள் இறங்கவில்லை. ஒரு தெரு முடிந்தால் இன்னொரு தெரு வந்தது. ஊர் முடியவே இல்லை.

மறுநாள் உச்சி வேளைக்கு வீடு வந்து சேர்ந்தாள். மாது வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றிருந்தார்.

"எல்லாம் பாத்தியா?"

"பாத்தேனுங்க."

அவள் இடுப்பிலிருந்த மூட்டையை வாங்கினார். கனம் குறையவில்லை. அவிழ்த்தார். அவரைக்காய் வாடிக் கறுத்திருந்தது.

"சந்த கூடலயா?"

"கூடுச்சுங்க. அங்க தெனமும் சந்தையாமுங்க."

"தெனமுமா?"

"வாசலும் ஒண்ணு இல்லீங்க."

மாது தரையில் உட்கார்ந்தார். ஒரு காயை எடுத்து நார் உரித்தார். பிறகு அடுத்த காய்.

"அப்பறம் எந்த நாளுன்னு போயி நிக்கறது, சாலாவப் பாக்க?" என்றார்.