மூன்றாம் மாடியில் சிவப்புச் சாயம்

உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைப்பது அவன் வேலை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு திரிவதால் வீட்டில்கூட அவனைப் பல்லி என்றே கூப்பிடுவார்கள். கூரையில் நின்று அவன் கயிற்றை இழுப்பதும் இளக்குவதும் அக்காவின் கணவர்.

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் பெரிய நாடுகளின் நிதியமைச்சர்களும் முதலாளிகளும் கூடியிருந்தார்கள். வெளியே தெரு கொள்ளாத கூட்டம். பணக்காரனுக்கு வரி போடு, ஏழை நாட்டுக் கடனைத் தள்ளு என்று தொண்டை கிழியக் கத்தியது. அதில் அக்காவும் இருந்தாள். அவள் வேலை பார்த்த சட்டைக் கம்பெனி, கூலி இன்னும் மலிவான ஒரு நாட்டுக்குப் போய்விட்டது.

"அந்த நாட்டுப் பொம்பளைங்களும் இன்னைக்குத் தெருவுலதான் நிக்கிறாங்க. கூலி பஸ்ஸுக்கே பத்தலையாம்" என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

மதியம் யாரோ வீசிய சாயப் பொட்டலங்கள் மூன்றாம் மாடிக் கண்ணாடியில் வெடித்துச் சிவப்பாய் வழிந்தன. சூப்பர்வைசர் கூரைக்கு ஓடிவந்தார். "விருந்தாளிங்க சாப்பிட உக்கார்றதுக்குள்ள அது போகணும். இல்ல, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடுங்க!"

பல்லி இறங்கினான். துடைப்பானால் ஒரு இழுப்பு இழுத்ததுமே கூட்டம் ஊளையிட்டது. காது மடல் சுட்டது. திரும்பாமல் துடைத்தான்.

"டேய் பல்லி! துடைக்காதடா!"

அக்காவின் குரல். அவ்வளவுதான், தெருவே பல்லி, பல்லி என்று பிடித்துக்கொண்டது.

இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியில் மாமா முணுமுணுத்தார். "வீட்டுலயும் கத்துறா, இங்கயும் கத்துறா. நீ வேலையப் பாரு மாப்ளே."

துடைத்த இடத்தின் வழியாக உள்ளே வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள் தெரிந்தன. ஒருவர் தட்டோடு ஜன்னலருகே வந்தார். பல்லியின் முகத்தைப் பார்க்கவேயில்லை. விட்டுப்போன ஒரு துளியை, கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

பல்லி அந்தத் துளியைத் தொடவில்லை. துடைப்பானை வாளிக்குள் போட்டான்.

"மாமா, என்னால ஆகாது. கீழ விடுங்க."

"மேல இழுய்யா அவனை!" என்று சூப்பர்வைசர் கத்துவது வாக்கி-டாக்கியில் கேட்டது. கயிறு அசையவில்லை. மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கினான். மாமா என்ன செய்வாரோ? அக்காவும் கத்துவதை நிறுத்திவிட்டுக் கூரையையே அண்ணாந்து பார்த்தாள்.

கயிறு மெல்ல இளகியது. பல்லி தெருவில், அக்காவின் அருகே இறங்கினான்.

சற்று நேரத்தில் காவலாளிகள் மாமாவையும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "இப்ப திருப்திதானே? நாளைக்கு அடுப்பு எப்படி எரியும்?" என்று அக்காவிடம் பாய்ந்தார்.

"அதை வீட்டுல பேசிக்கலாம். முதல்ல இதைப் பிடிங்க" என்று பதாகைக் கம்பின் ஒரு முனையை அவர் கையில் திணித்தாள். முறைத்துக்கொண்டே பிடித்தார்.

வேலை போனது போனதுதான். மிச்சச் சாயத்தை வேறொருவன் துடைத்தான். அமைச்சர்களும் முதலாளிகளும் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போனார்கள். மறுநாள் பல்லிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அக்காவோடு வேலை இழந்த தையல்காரிகள் கூட்டம் போடும் இடத்துக்கு நடந்தான். தெருமுனை திரும்பும்போது பின்னால் செருப்புச் சத்தம்.

மாமா. "வேற வேலை தேடத்தான் போறேன்" என்றார், அவன் கேட்காமலே. ஆனால் அவனோடு அதே தெருவில்தான் திரும்பினார்.