இரண்டு பேரின் சோறு

பாடை வாசல் படலையைத் தாண்டியபோது பெண்கள் ஒரே குரலில் கதறினார்கள். சறோஜினியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அவளுடைய கண்கள் புருஷன் குலசிங்கத்தின் பாடைக்குப் பின்னால் போகவில்லை. வேலியோரம் நின்ற மகள் இந்துஜா மெல்லச் சாய்வதைத்தான் பார்த்தன.

"பிள்ளையைப் பிடியுங்கோ!"

தாங்கிய பெண் ஒற்றைக் கையாலேயே அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுத் திகைத்தாள். இருபது வயதுப் பிள்ளை.

"தேப்பன்ர செல்லமெல்லே. ரெண்டு நாளாப் பச்சைத்தண்ணியும் வாயில வைக்கேல்லை," என்றாள் குலசிங்கத்தின் அக்கா.

இரண்டு நாளல்ல. தைப்பொங்கலுக்குக் கம்பசிலிருந்து வந்தபோதே இந்துஜா வெள்ளிக்கிழமை விரதம் என்றாள். பிறகு செவ்வாயும் விரதம். சித்திரை வெயிலிலும் நீளக் கைச் சட்டை. மாதவிலக்குக்கு வாங்கிவைத்த பாட் பெட்டி மூன்று மாதமாய் உடைபடாமல் அலுமாரியில் கிடந்தது. ஆனால் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பை மட்டும் வீட்டில் நின்ற ஒவ்வொரு நாளும் வெறுமையாகவே குசினிக்கு வந்தது. அதைப் பார்த்துத்தான் சறோஜினி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தலை முழுகத் தோய வார்க்க மகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். ஈரத்துணி ஒட்டியதும் முதுகெலும்பு கணுக்கணுவாய்த் தெரிந்தது. கைகளில் பிறந்த குழந்தைக்குப் போல மெல்லிய பூனைமயிர்.

துவாயோடு வந்த தர்சினி, சறோஜினியின் தங்கை மகள், ஒரு நேர்ஸ். இந்துஜாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நாடி நாப்பதுதான். இது கவலையில சாப்பிடாததில்லை, ஒரு நோய் வருத்தம். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

"முதல்ல ரெண்டு பிடி சோறு குடுத்துப் பாப்பமே?"

"வேண்டாம். கனநாள் காய்ஞ்ச உடம்புக்கு ஒரேயடியாக் குடுத்தால் இதயம் தாங்காது. அங்க ரத்தம் சோதிச்சுக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுப்பினம். மனநல டொக்டரும் கதைப்பார். இவளை ஏசாதேங்கோ. வேணுமெண்டு செய்யிற காரியமில்லை இது."

"அப்ப நான் போட்ட சோறெல்லாம் எங்க போனது?"

இந்துஜா கிணற்றுக்கட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா சாப்பிட்டவர். நீங்கள் ஏசுவீங்கள் எண்டு, தன்ரையும் சாப்பிட்டு என்ரையும். சீனி வருத்தத்தோட, டொக்டர் சோறைக் குறைக்கச் சொல்லியும். என்னாலதான் அம்மா..."

சறோஜினி ஏற்கெனவே துவட்டிய மகளின் தலையைத் திரும்பத் திரும்பத் துவட்டினாள்.

ஓட்டோ வந்து நின்றபோது குலசிங்கத்தின் அக்கா மறித்தாள்.

"சுடலைக்குப் போனவை இன்னும் திரும்பேல்லை. அதுக்குள்ள நீர் படலையைத் தாண்டுறதோ? நாளைக்குச் சாம்பல் அள்ளுற காடாத்தெல்லே!"

"அவருக்குச் செய்ய ஆக்கள் இருக்கினம் மச்சாள். இவளுக்கு நான்தான்."

தங்கள் ஊரான இறுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி வரையும் அவள் மகளை நித்திரைகொள்ள விடவில்லை. கண் மூடினால் தட்டினாள். ஒவ்வொரு ஊர்ப் பேரையும் கேட்டுக் கேட்டுச் சொல்லவைத்தாள்.

வார்டில் ரத்தம் எடுத்து, கையில் ஊசி ஏற்றி, பொழுது சாயும் நேரத்தில் சின்னக் கிளாசில் அரைவாசிக்குப் பால் கொண்டுவந்து வைத்தார்கள். பால் கொடுத்த நேர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போகும்வரை இந்துஜா பார்த்திருந்தாள். பிறகு கிளாசைத் தாயின் பக்கம் தள்ளினாள்.

"அம்மா, பாதியை நீங்கள் குடியுங்கோவன். ஆருக்கும் தெரியாது."

குரல் சின்னப்பிள்ளையின் குரலாக இருந்தது.

சறோஜினி தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்தாள். பாலில் மெல்லிய ஆடை படியத் தொடங்கியது.